ரொறன்ரோ பஸ்ஸில் தனியாக: எங்கே பிழைத்தது, எப்படிச் சரிசெய்வது

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் பாதிப்பேர் பிலிப்பைன்ஸ்காரர், மீதியில் பெரும்பாலும் நம்மாட்கள். ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில் இது புதினம் இல்லை. 1992இல் தொடங்கி 2014 வரை நடந்த வீட்டோடு தங்கிப் பராமரிக்கும் வேலைத் திட்டத்தில் நிறையப் பிலிப்பைன்ஸ் பெண்கள் கனடாவுக்கு வந்தார்கள், பிள்ளைகளும் சகோதரங்களும் பின்னால் வந்தார்கள், இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறார்கள். அப்படி ஒருவர் மார்கழி மாதம் மணிலாப் பக்கத்தில் இருந்து வந்து எங்கள் சமையலறையில் சேர்ந்தார். வயதில் மூத்தவர் என்பதால் அவருடைய ஊர்க்காரர் அவரை ஆத்தே என்று கூப்பிட்டார்கள். தகலோக் மொழியில் அக்கா என்று அர்த்தம். நாங்களும் ஆத்தே என்றே கூப்பிடத் தொடங்கினோம்.

முதல் மூன்று கிழமை அவருடைய மச்சாள் காரில் கொண்டுவந்து விட்டார். அப்புறம் மச்சாளின் வேலை நேரம் மாறிவிட்டது. ஆத்தே தனியாக பஸ் எடுக்கவேண்டி வந்தது, அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வியோடு வருவார். அவருக்கு எங்கெங்கே பிழைத்தது, என்ன செய்து சரிப்படுத்தினோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வேலைத்தளத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். புதிதாக வந்த நம்மாட்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

பிழைகளுக்குப் போகமுன் இரண்டு விஷயம்.

ஒன்று, ஏன் பிழைக்கிறது என்பது. ஆத்தேக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும், என்னைவிட நன்றாகப் பேசுவார், அதனால் மொழி இங்கே பிரச்சினையே இல்லை. மணிலாவில் அவர் ஜீப்னி என்ற சிறு பஸ்ஸில் போய்ப் பழகியவர். றோட்டோரத்தில் நின்று கையை நீட்டினால் ஜீப்னி நிற்கும். காசை முன்னால் இருப்பவரின் கையில் கொடுத்து 'பாயாட் போ' என்றால் அது கைமாறிக் கைமாறி சாரதியிடம் போய், மிச்சக்காசும் அதே வழியில் திரும்பி வரும். இறங்கவேண்டிய இடத்தில் 'பாரா போ' என்று குரல் கொடுத்தால் அங்கேயே நிறுத்துவார்கள். அந்த 'போ' மரியாதைக்குச் சேர்ப்பது, நாங்கள் 'நில்லுங்கோ' என்பதில் வரும் 'ங்கோ' மாதிரி. ஆக, எல்லாமே ஒரு மனிதரிடம் கேட்டு நடப்பது. யாழ்ப்பாணத்து மினிபஸ்ஸில் நடத்துநரைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த எனக்கும் அதே பழக்கம்தான் இருந்தது. இங்கே நடத்துநர் இல்லை, அவர் வாயால் சொல்லுகிற எல்லாவற்றையும் எண்ணாகவும் எழுத்தாகவும் விளக்காகவும் பஸ்ஸிலும் கம்பத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை வாசிக்கத் தெரியாத இடங்களில்தான் ஆத்தேக்குப் பிழைத்தது.

இரண்டாவது, இரண்டு மணி நேரம். டி.டி.சி. என்ற ரொறன்ரோ போக்குவரத்து நிறுவனத்தின் பஸ்ஸில், காசு ஏற்றிவைத்த பிரெஸ்டோ பயணக் கார்டைக் கருவியில் ஒரு தடவை தட்டினால் அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு எத்தனை பஸ்ஸிலும் ஏறலாம், இறங்கலாம், வந்த வழியே திரும்பியும் போகலாம், மேலதிகமாகக் காசு எடுக்காது. 2018 ஆகஸ்டில் இருந்து இப்படித்தான். அதனால் பிழையான பஸ்ஸில் ஏறினால் உங்களுக்கு நேரம்தான் போகும், பணம் போகாது. இதை நான் ஆத்தேக்கு, அவர் பஸ் எடுக்கத் தொடங்கிய இரண்டாம் நாளே சொல்லியிருக்கவேண்டும். மூன்றாம் கிழமைதான் சொன்னேன், அதற்குள் அவர் ஒரு நாள் பிழையான பஸ்ஸில் இருந்து இறங்கி, திரும்பவும் காசு கட்டவேண்டும் என்று நினைத்து, மைனஸ் 14இல் நாற்பது நிமிடம் நடந்து வந்தார்.

சரி, இனி ஒவ்வொன்றாக.

கார்டைத் தட்டினால் சிவப்பு விளக்கு வருகிறது

பெரும்பாலும் கார்டில் காசு இல்லை. வளர்ந்தவர் கட்டணம் கார்டில் 3.30 டொலர், அதற்குக் குறைவாக இருந்தால் பிடிக்காது. இணையத்தில் காசு போட்டிருந்தால் சில வேளை அது கார்டுக்கு வந்துசேரக் கொஞ்ச நேரம் எடுக்கும், ஆகவே விடியற்காலை வேலைக்குப் போவதற்கு முதல்நாள் இரவு போடுவதைவிட இரண்டு நாள் முன்னதாகப் போடுங்கள், இல்லாவிட்டால் சப்வே ஸ்டேஷன் இயந்திரத்திலோ ஷாப்பர்ஸ் ட்ரக் மார்ட் கடையிலோ போடுங்கள். பிரெஸ்டோ கார்டு கையில் இல்லாத அன்றைக்கு வங்கி டெபிட் கார்டையோ கிரெடிட் கார்டையோ அதே கருவியில் தட்டலாம், 2023 ஆகஸ்டில் இருந்து அதை ஏற்கிறார்கள்.

காசாகப் போடுவது என்றால் 3.35 டொலர், சரியான சில்லறையாக இருக்கவேண்டும். மிச்சக்காசு தரமாட்டார்கள். ஆத்தே முதல் நாள் ஐந்து டொலர் தாளைப் போட்டுவிட்டு, ஜீப்னியில் வருவதுபோல மிச்சம் வரும் என்று சாரதிக்குப் பக்கத்திலேயே காத்து நின்றார். காசு போட்டால் சாரதியிடம் காகிதத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், அடுத்த பஸ்ஸுக்கு மாற அது வேண்டும். ஆனால் அது ஒரே திசையில் தொடர்ந்து போவதற்குத்தான், கார்டில் கிடைக்கும் இரண்டு மணி நேரச் சுதந்திரம் அதில் இல்லை. அதனால்தான் புதிதாக வந்தவர்களுக்கு முதல் வேலையாக ஒரு பிரெஸ்டோ கார்டு எடுங்கள் என்கிறேன். எடுத்ததும் உங்கள் பெயரில் பதிவுசெய்து வையுங்கள், தொலைந்தால் மிச்சக் காசைக் காப்பாற்றலாம்.

கூடவே, பன்னிரண்டு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை. ஊரில் இருந்து பிள்ளைகள் வந்து சேரும்போது இதைத் தெரியாமல் அவர்களுக்கும் காசு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தட்டியது சரி, ஆனால் இரண்டு தடவை காசு போயிருக்கிறது

இரண்டு மணி நேரத்துக்குள் மாறியும் இரண்டாம் தடவை காசு எடுத்திருந்தால், இரண்டு தடவையும் ஒரே கார்டைத் தட்டினீர்களா என்று பாருங்கள். முதல் பஸ்ஸில் பிளாஸ்டிக் வங்கிக் கார்டு, இரண்டாவது பஸ்ஸில் அதே கார்டு போனுக்குள் இருந்து என்றால், கருவிக்கு அவை இரண்டு வேறு ஆட்கள். ஆத்தேக்கு நடந்தது இன்னொன்று. அவர் கைப்பையைத் திறக்காமல் பையோடு சேர்த்துக் கருவியில் வைப்பார், உள்ளே பிரெஸ்டோவும் வங்கிக் கார்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, முதல் பஸ்ஸில் ஒன்று பிடித்தது, அடுத்த பஸ்ஸில் மற்றது பிடித்தது. பிரெஸ்டோவைத் தனியாக ஒரு சிறு உறையில் போட்டுக் கழுத்துப் பட்டியில் தொங்கவிட்டோம், சரியாகிவிட்டது.

ரொறன்ரோவின் வட எல்லையான ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டி மார்க்கம் பக்கம் போனால் பெரும்பாலும் வேறு நிறுவனத்தின் பஸ். முன்பு அதற்குத் தனிக் கட்டணம். 2024 பெப்ரவரி 26இல் இருந்து, அதே கார்டைத் தட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் அந்த மாற்றமும் இலவசம். பழைய ஆட்கள் சிலர் இன்னமும் 'அங்கே இரட்டைக் காசு' என்று சொல்லுவார்கள், அது பழைய கதை.

காசு எடுக்காது என்பதற்காகத் தட்டாமல் ஏறக்கூடாது. ஒவ்வொரு பஸ்ஸிலும் தட்டுங்கள். பரிசோதகர் வந்தால் தட்டிய அதே கார்டையே காட்டவேண்டும், கட்டணம் கட்டாமல் பிடிபட்டால் அபராதம் 235 டொலரில் இருந்து 425 வரை. விதிவிலக்கு ஒன்றுதான்: கென்னடி மாதிரி ஸ்டேஷன்களில் பஸ் நிற்கும் இடமே கட்டண எல்லைக்கு உள்ளே இருக்கும். சப்வேயில் இருந்து நேரே அங்கே வந்தால் தட்டத் தேவையில்லை, பின்கதவாலும் ஏறலாம்.

பஸ் என்னைத் தாண்டிப் போய்விட்டது

முதலில், எங்கே நின்றீர்கள்? குளிருக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தீர்கள் என்றால் சாரதிக்கு நீங்கள் பஸ்ஸுக்கு நிற்கிறீர்களா, காற்றுக்கு ஒதுங்கியிருக்கிறீர்களா என்று தெரியாது. ஒரே தரிப்பிடத்தில் மூன்று நான்கு எண்கள் நிற்கும் என்றால் உங்களுக்கு வேண்டியது அவருடைய பஸ்ஸா என்பதும் தெரியாது. பஸ் தூரத்தில் தெரியும்போதே வெளியே வந்து கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று கையைக் காட்டுங்கள். விடியற்காலை இருட்டில் கறுப்பு ஜாக்கெட்டோடு நிற்கும் ஆளைச் சாரதி கடைசி நேரத்தில்தான் காண்பார். போன் வெளிச்சத்தைப் போட்டு, அவருடைய கண்ணில் அடிக்காமல் நிலத்தைப் பார்த்துப் பிடியுங்கள். ஆத்தே இதற்காகவே வெளிர் மஞ்சள் தொப்பி ஒன்று வாங்கினார்.

ஜீப்னி மாதிரி இரண்டு தரிப்பிடத்துக்கு நடுவில் நின்று கை நீட்டினால் நிற்காது. நிற்கவே நிற்காது. கம்பம் இருக்கும் இடத்துக்குத்தான் போகவேண்டும்.

எண் சரி, ஆனால் வீட்டை விட்டுத் தூரமாகப் போகிறது

எதிர்ப்பக்கத்தில் ஏறியிருக்கிறீர்கள். ஒரே எண் இரண்டு திசையிலும் ஓடும், இரண்டு பக்கத்திலும் கம்பம் இருக்கும். இலங்கையில் இருந்து வரும் எங்களுக்கு இது முதல் மாதம் முழுக்கப் பிழைக்கும், ஏனென்றால் எங்கள் ஊரில் வாகனம் இடப்பக்கம் ஓடும், இங்கே வலப்பக்கம். பிலிப்பைன்ஸிலும் வலப்பக்கம்தான், ஆகவே ஆத்தேக்கு அந்தக் குழப்பம் இல்லை. அவருடைய குழப்பம் கிழக்கு மேற்கு. மணிலாவில் ஜீப்னியின் முன் கண்ணாடியில் போகும் இடத்தின் பெயரை எழுதியிருப்பார்கள், இங்கே எண்ணோடு 'ஈஸ்ட்' என்றோ 'வெஸ்ட்' என்றோ வரும், வெளியே ஒரே சாம்பல் வானம், சூரியனே இல்லாத மாசியில் கிழக்கு எது என்று எப்படித் தெரியும்?

நான் சொல்லிக்கொடுத்தது இதுதான். ஒன்ராறியோ ஏரி தெற்கு. வீட்டில் இருந்து ஏரிப்பக்கம் எது என்று ஒரு தடவை வரைபடத்தில் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏரியைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் கிழக்கு, வலது கைப்பக்கம் மேற்கு, முதுகுப்பக்கம் வடக்கு. ஊர் முழுக்கக் கட்டம் போட்டதுபோல வீதிகள் இருப்பதால் இது ஏறக்குறைய எல்லா இடத்திலும் வேலை செய்யும். வீதிப் பெயருக்குப் பின்னால் வரும் ஈஸ்ட், வெஸ்ட் என்பவை யங் வீதியை நடுவாக வைத்துப் பிரித்தவை, பஸ் போகும் திசை அல்ல. லோரன்ஸ் ஈஸ்ட் வீதியில் மேற்கு நோக்கியும் பஸ் போகும். அந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஏற்கெனவே ஏறிவிட்டீர்கள் என்றால் உடனே மணியை அடித்து ஆளில்லாத இடத்தில் இறங்கவேண்டாம். பெரிய சந்தி வரும் வரை பொறுங்கள். சிக்னல் விளக்கும், கோப்பிக் கடையும், ஒதுங்க ஒரு கூடும் இருக்கும் இடம். அங்கே இறங்கி, விளக்கில் வீதியைக் கடந்து, எதிர்ப்பக்கக் கம்பத்தில் அதே எண்ணை எடுங்கள். இரண்டு மணி நேரம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆத்தே ஒரு நாள் கடைசித் தரிப்பிடம் வரைக்கும் போய்விட்டார். இறங்குவதற்கு எழும்பியவரைச் சாரதி பார்த்து, எங்கே போகவேண்டும் என்று கேட்டு, 'வெளியே குளிர், இருங்கள், நான் திரும்பி அந்தப் பக்கம்தான் போகிறேன்' என்று சொல்லி இருத்திக்கொண்டே கொண்டுவந்து விட்டார். எல்லாச் சாரதிகளும் இப்படிச் செய்யமுடியாது, சிலருக்கு அங்கே வேலை மாறும் நேரமாக இருக்கும், ஆனால் கேட்டுப் பார்க்கலாம்.

எண்ணும் சரி, திசையும் சரி, என் தரிப்பிடத்தில் நிற்கவில்லை

மூன்று காரணம் இருக்கலாம். மணியை அடிக்கவில்லை என்பது முதலாவது. ஜன்னலோரம் ஓடும் மஞ்சள் கயிற்றை இழுங்கள், அல்லது கம்பத்தில் இருக்கும் பொத்தானை அமர்த்துங்கள். முந்திய தரிப்பிடத்தைத் தாண்டியவுடன் செய்யுங்கள், அடுத்த தரிப்பிடத்தின் பெயரை ஒலிபெருக்கி சொல்லும், முன்னால் எழுத்திலும் ஓடும். வேறொருவர் ஏற்கெனவே இழுத்திருந்தால் முன்னால் விளக்கு எரியும், திரும்ப இழுக்கத் தேவையில்லை.

இரண்டாவது, எண் 900 என்ற வரிசையில் தொடங்குகிறதா பாருங்கள். அவை எக்ஸ்பிரஸ். மார்க்கம் வீதியில் 102 ஒவ்வொரு தரிப்பிடத்திலும் நிற்கும், 902 பெரிய சந்திகளில் மட்டும்தான் நிற்கும். எல்ஸ்மியரில் 95க்கும் 995க்கும் அதே கணக்கு. தூரம் போகிறவருக்கு எக்ஸ்பிரஸ் அருமையானது, நடுவில் இறங்குகிறவருக்கு அது பத்து நிமிட நடை.

மூன்றாவது எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து. 95ஏ, 95பி என்று வரும். பாதி வழி வரை ஒன்றாகப் போய்ப் பிறகு பிரிவார்கள், அல்லது ஒன்று முன்னதாகவே முடிந்துவிடும். நீங்கள் பிரிகிற இடத்துக்கு முன்னால் இறங்குவீர்கள் என்றால் எந்த எழுத்து வந்தாலும் ஏறலாம். தாண்டிப் போவீர்கள் என்றால் உங்கள் எழுத்து எது என்று வீட்டுக் கதவில் எழுதி ஒட்டுங்கள். ஆத்தே தன்னுடையதை உள்ளங்கையில் பேனையால் எழுதிக்கொண்டு வருவார், நான் வேலையில் கை கழுவும்போது அதைப் பார்ப்பேன்.

பின்கதவு திறக்கவில்லை

கதவுக்கு மேலே பச்சை விளக்கு வரும் வரை நில்லுங்கள். வந்ததும் கதவில் உள்ள மஞ்சள் கைப்பிடியைத் தள்ளுங்கள், நீங்கள் தள்ளினால்தான் திறக்கும். பச்சை வராவிட்டால் 'பேக் டோர் ப்ளீஸ்' என்று சத்தமாகச் சொல்லவேண்டும். ரொறன்ரோவில் எல்லோரும் சொல்லும் வாசகம் இது, யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

ஆத்தே இதைச் சொல்லமாட்டார். மூன்று தரிப்பிடம் தாண்டிப் போய் யாராவது இறங்கும்போது அவர்களோடு இறங்கி நடந்து வருவார். இதற்குப் பெயர் ஹியா என்று எங்கள் சமையலறையின் இன்னொரு பிலிப்பைன்ஸ் பெண் விளக்கினார். வெட்கம் என்று மொழிபெயர்த்தால் பாதிதான் வரும். மற்றவருக்கு இடைஞ்சலாக இருந்துவிடுவேனோ, என் பிழையை நாலு பேர் பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம், அது நல்ல வளர்ப்பின் அடையாளமாகவும் அவர்களிடம் மதிக்கப்படுகிறது. அதைக் குறை என்று சொல்லி யாரையும் திருத்தமுடியாது. நான் ஆத்தேயிடம் கேட்டேன்: 'ஊரில் பாரா போ என்று கத்துவீர்கள்தானே, அதற்குக் கூச்சம் இல்லையா?' அவர் சிரித்துவிட்டு, அது கத்துவது இல்லை, சாரதிக்குச் சொல்லுவது என்றார். அப்படியென்றால் இதுவும் சாரதிக்குச் சொல்லுவதுதான், 'பேக் டோர் ப்ளீஸ்' என்பது ரொறன்ரோவின் பாரா போ, அந்த ப்ளீஸ்தான் உங்கள் போ என்றேன். அடுத்த கிழமை சொல்லிவிட்டார். முன்கதவால் இறங்கும்போது சாரதிக்கு நன்றி சொல்லுவது இங்கே வழக்கம், அதை அவர் முதல் நாளே பிடித்துக்கொண்டார்.

பாதி வழியில் எல்லோரையும் இறங்கச் சொல்லுகிறார்கள்

நீங்கள் ஒன்றும் பிழையாகச் செய்யவில்லை. பஸ்கள் பிந்தி ஒன்றின் பின் ஒன்றாக வந்து சேரும்போது, இடைவெளியைச் சரிப்படுத்த ஒரு பஸ்ஸை முடிவிடம் வரை விடாமல் நடுவிலேயே திருப்புவார்கள். எல்லோரோடும் இறங்கி அதே தரிப்பிடத்தில் நில்லுங்கள், அடுத்த அதே எண் உங்களை ஏற்றும். இரண்டு மணி நேரம் முடிந்திருந்தால் நடந்ததைச் சாரதியிடம் சொல்லுங்கள்.

ஞாயிறு விடியற்காலை சப்வே பூட்டிக் கிடக்கிறது

இது எனக்கு மனம் நொந்த விஷயம், ஏனென்றால் முதியோர் இல்லம், ஆஸ்பத்திரி, ஹோட்டல் என்று புதிதாக வந்தவர்கள் வேலை செய்கிற இடங்களில்தான் ஞாயிறு காலை ஏழு மணி வேலை இருக்கிறது. சப்வே ஞாயிறுகளில் காலை எட்டு மணியளவில்தான் தொடங்கும். கிழமை நாட்களில் ஆறு மணி போல. ஆத்தே கிழமை நாளில் வரும் அதே வழியில் ஞாயிறு ஐந்தே முக்காலுக்கு ஸ்டேஷன் வாசலில் வந்து நின்று, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, வேலை போய்விட்டது என்று நினைத்து அழுதிருக்கிறார்.

அதற்கு இருப்பது ப்ளூ நைட் பஸ். 300 என்ற வரிசையில் எண் இருக்கும், இரவு ஒன்றரை மணி போலத் தொடங்கி விடியும் வரை ஓடும், ஞாயிறில் சப்வே திறக்கும் வரை. முக்கிய வீதிகளில் அரைமணிக்கு ஒன்றாவது வரும். எல்லாத் தரிப்பிடத்திலும் நிற்காது, ஆகவே உங்கள் கம்பத்தில் 300 வரிசை எண் இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் போய்ப் பார்த்து வையுங்கள். போனில் வழி தேடும்போது 'இப்போது' என்று தேடாமல், ஞாயிறு காலை, ஏழு மணிக்குப் போய்ச் சேரவேண்டும் என்று நாளையும் நேரத்தையும் போட்டுத் தேடுங்கள். ஆத்தேயின் பிழை அங்கேதான். அவர் வெள்ளி மாலையில் தேடிய வழியைப் படம் எடுத்து வைத்திருந்தார்.

ஸ்காபரோ ஆட்களுக்கு இன்னொன்று. பழைய வழிகாட்டி எதையாவது பார்த்து ஸ்காபரோ சென்டருக்கு 3ஆம் பாதை ரயிலைத் தேடாதீர்கள். 2023 ஜூலை 24இல் அது தடம் புரண்டதில் இருந்து ஓடவில்லை. கென்னடியில் இருந்து பஸ்தான்.

இரவில் தரிப்பிடத்தில் இருந்து வீடு வரை நடக்கப் பயம்

இதைத்தான் நிறையப் பேருக்குத் தெரியாது. இரவு ஒன்பது மணியில் இருந்து காலை ஐந்து மணி வரை தனியாகப் பயணம் செய்கிற எவரும், இரண்டு தரிப்பிடங்களுக்கு நடுவில், வீட்டுக்குக் கிட்டிய இடத்தில் இறக்கிவிடும்படி சாரதியிடம் கேட்கலாம். 1991இல் பெண்களுக்கென்று தொடங்கியது, பிறகு எல்லோருக்கும் ஆக்கினார்கள். குறைந்தது ஒரு தரிப்பிடத்துக்கு முன்னதாகவே முன்னால் போய்ச் சொல்லுங்கள், முன்கதவால் இறங்குங்கள். நிறுத்தப் பாதுகாப்பான இடமா என்று சாரதி பார்த்து முடிவெடுப்பார். நான் இதைச் சொன்னபோது ஆத்தே கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், 'அப்படியென்றால் இரவில் இதுவும் ஜீப்னிதான்' என்றார்.

பஸ் வரவே இல்லை

பனி கொட்டிய நாளில் ஏற்றமான இடங்களில் உள்ள சில தரிப்பிடங்களை நிறுத்திவைப்பார்கள், வீதி வேலை நடந்தால் பாதையை மாற்றுவார்கள், கம்பத்தில் அறிவிப்பு இருக்கும். பனியைத் தட்டிவிட்டு அதை வாசியுங்கள். கம்பத்தில் உள்ள தரிப்பிட எண்ணை போனில் சேமித்து வைத்திருந்தால் அடுத்த பஸ் எப்போது என்று செயலியில் பார்க்கலாம். 416-393-4636 என்ற டி.டி.சி. எண்ணிலும் கேட்கலாம்.

பையைப் பஸ்ஸில் விட்டுவிட்டேன்

எந்த எண், எந்தத் திசை, எத்தனை மணி என்று உடனே எழுதி வையுங்கள், மறந்துபோகும். தொலைந்த சாமான்களுக்கான டி.டி.சி. அலுவலகம் பே சப்வே ஸ்டேஷனில் இருக்கிறது.

எல்லாம் தெரிகிறது, ஆனாலும் தனியாகப் போக மனம் வரவில்லை

வேலைக்குப் போகும் வழியில் பழகவேண்டாம். பிந்தினால் என்ன ஆகும் என்ற பதற்றத்தில் ஒன்றும் மனதில் ஏறாது. லீவு நாளில், பகலில், போக ஆசைப்படுகிற ஒரு இடத்துக்குப் போங்கள். பிலிப்பைன்ஸ்காரருக்கு அப்படி ஒரு இடம் ரொறன்ரோவில் இருக்கிறது, பாதர்ஸ்ட் வீதியும் வில்சன் வீதியும் சந்திக்கிற இடம், குட்டி மணிலா என்றே சொல்லுவார்கள். பேக்கரி, சாப்பாட்டுக் கடை, ஊருக்குப் பெட்டி அனுப்பும் கடை எல்லாம் அங்கே. ஸ்காபரோவில் இருந்து அதற்கு ஒரேயொரு மாற்றம்தான். எல்ஸ்மியரில் 95ஐ மேற்கு நோக்கி எடுத்து யார்க் மில்ஸ் ஸ்டேஷனில் இறங்கி, ஸ்டேஷனுக்குள்ளேயே 96 வில்சன் நிற்கும் இடத்துக்குப் போய் ஏறி, பாதர்ஸ்டில் இறங்குவது. ஒரு காகிதத்தில் '96, பாதர்ஸ்ட் அண்ட் வில்சன்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்கக் கூச்சமாக இருந்தால் சாரதியிடம் காகிதத்தைக் காட்டினால் போதும், முன் ஆசனத்தில் இருந்தால் அவரே சொல்லுவார்.

ஆத்தே பங்குனி மாத ஞாயிறு ஒன்றில் தனியாகப் போனார். போகும் வழியெல்லாம் எனக்கு மெசேஜ் வந்துகொண்டிருந்தது, '95 மேற்கு, ஏரி இடப்பக்கம்', 'யார்க் மில்ஸ்', '96'. அப்புறம் ஒன்றரை மணி நேரம் ஒன்றும் வரவில்லை, நான் கொஞ்சம் பயந்துவிட்டேன். திங்கட்கிழமை ஒரு காகிதப் பை நிறையப் பான்டேசால் பணிஸ் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தார். ஏன் மெசேஜ் அனுப்பவில்லை என்று கேட்டேன். திரும்பும்போது ஏரி வலப்பக்கம் வந்தது, எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று நித்திரை கொண்டுவிட்டேன் என்றார்.